ஏரல் தாண்டுத வரைக்கும்

அந்தக் கதைய எவ கொண்டாந்தான்னு எனக்குத் தெரியும் மதினி. ஏரல்ல பாத்திரக்கட வாசல்ல குத்துப்போணியத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு நின்னாளே, நம்ம கீழத்தெருவுல இருந்து வாக்கப்பட்டுப் போனவ, அவதான? நான் எம் மருமவள நடு பசார்ல வண்டிக்குள்ள வச்சு ஏசினேனாம். தோளப் புடிச்சு ஆட்டினேனாம். அந்தப் பிள்ள ஒரு வார்த்த திருப்பிச் சொல்லாம கண்ணு கலங்க வண்டிய ஓட்டிக்கிட்டுப் போச்சாம். அப்படித்தான சொன்னா? பாத்தத சொல்லிருக்கா, பொய் சொல்லல. ஆனா என்னத்தப் பாத்தோம்னு அவளுக்குத் தெரியாது.

கொஞ்சம் இங்கன தள்ளி ஒக்காரு. சொளவ நடுவுல வையி. நெத்திலித் தலையக் கிள்ளிக்கிட்டே கேளு, கை நிக்கப்பிடாது. இன்னைக்குத் தண்ணி வார நாளு. கொழாயில சத்தம் கேட்டுன்னா நான் போட்டது போட்டபடி எந்திச்சிருவேன், அதுக்குள்ள சொல்லி முடிக்கணும்.

நான் ஏசல மதினி. பேசச் சொன்னேன். "பேசு மக்கா, பேசு"ன்னு கெஞ்சினேன். கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தவளுக்கு அது ஏச்சாத் தெரிஞ்சிருக்கு. மாமியாக்காரி வாய் அசைஞ்சாலே ஏச்சுத்தான்னு நெனைக்கிற ஊரு இது. நம்மளும் அப்படித்தான நெனச்சோம், நம்ம மாமியாருமாரு இருக்கையில.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் ஒனக்கு வெளங்கும். எம் மவனுக்க அப்பா, அவிய இருக்கையில குட்டியானை வண்டி ஓட்டினது ஒனக்குத் தெரியும்லா. இப்பம் மருமவ ஓட்டுதாளே, அதே வண்டிதான். அப்பம் பச்சக் கலரு, இவ நீலம் அடிச்சிருக்கா. நீலத்துலதான் அழுக்குத் தெரியாதாம். கருவாட்டு வண்டியில அழுக்கு தெரிஞ்சா என்ன தெரியாட்டா என்ன, வாசம் மறையவா போவுது? எங்களுக்குப் பின்னால வார மோட்டார்சைக்கிள்காரன் எல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு வெரசா முந்திப் போயிருவான். அவிய சிரிப்பாவ. "பாத்தியாட்டி, மந்திரி வண்டிக்குக் கூட இப்படி வழி விடமாட்டான்"ம்பாவ.

விடியக்காலம் கடக்கரையில கருவாட்டு மூட்டையும் பெட்டியும் ஏத்துவோம். சாயர்புரத்துல ரெண்டு கட, ஆத்துப் பாலம் தாண்டி ஏரல்ல நாலு கட, பொறவு ஸ்ரீவைகுண்டம். ஏரல் சரக்க மட்டும் திரும்பி வரையிலதான் எறக்குவோம். எறக்கிட்டு மத்தியானச் சோத்துக்குத் திரும்பிருவோம். ஓட்டுதது அவிய வேல. கடக்காரங்ககிட்டப் பேசுதது என் வேல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கொறஞ்சதில்ல, அவ்வளவு பேசணும் அந்த அண்ணாச்சிமாருகிட்ட.

ஆனா அவியளுக்குத் தூக்கம் வரும் பாத்துக்க. இருட்டோட எந்திச்சு மூட்ட தூக்குத மனுசன். உப்பளத்துக்கு நடுவுல ரோடு சுருக்கமே இல்லாம நேரா கெடக்கும். ரெண்டு பக்கமும் வெள்ள வெளேர்னு உப்பு, மேல வெயிலு. கண்ணு சொக்கும். வண்டியில இருந்த பாட்டுப்பெட்டி உப்புக்காத்துல துருவேறி ஊமையாயிட்டு. ஒரு நாளு வண்டி பைய ஓரத்துக்குப் போகுது, நான் அவிய தொடையில ஒரு கிள்ளு கிள்ளினேன் பாரு, அதுக்கப்புறம் ரெண்டு நாளு அந்தத் தொடையத் தடவிக்கிட்டே திரிஞ்சாவ. தெனமும் கிள்ள முடியுமா? அதுக்குத்தான் வெளாட்டுக் கண்டுபிடிச்சேன்.

எனக்கோ எழுத்து தெரியாது. ரோட்டோரம் நிக்க போர்டெல்லாம் எனக்குக் கோலம் கணக்கா. அவிய எழுத்துக் கூட்டிப் படிச்சிருவாவ. அதனால படிப்பு இல்லாத வெளாட்டா இருக்கணும்னு பாத்தேன். எங்க ஆத்தா வீட்டுல அழிப்பாங்கதை போடுவோம், ஒங்க பக்கம் விடுகதைம்பீய. அதுலயே ஒரு புதுசு. பழைய கத எதுவும் போடக்கூடாது. ரோட்டுல இப்பம் இந்த நிமிசம் கண்ணுல படுதத வச்சு, அந்தாலயே புதுசாக் கட்டணும். அடுத்த பாலம் வாரதுக்குள்ள மத்தவிய அழிக்கணும், அதாவது பதிலச் சொல்லணும். பாலத்துல முன்சக்கரம் ஏறிட்டுன்னா முடிஞ்சுது, தோத்தாச்சு.

மொதல்ல நான் போட்டது இப்பமும் நெனவிருக்கு. "வெயில்ல பொறந்த வெள்ளக்காரி, மழையக் கண்டா ஓலையப் போத்திக்கிட்டுக் குந்திக்கிடுவா." அவிய ஒடனே சொல்லிட்டாவ, உப்பு அம்பாரம்னு. மழக்காலத்துக்கு ஓலை வேஞ்சு வச்சிருப்பானுவள்லா, அது. அவிய திருப்பி ஒண்ணு போட்டாவ. "படுத்தே கெடப்பான், எந்திக்கவே மாட்டான், எவ்வளவு பெரிய மனுசன் வந்தாலும் இவன் முன்னால பம்மித்தான் போவான்." நான் யோசிக்கேன், யோசிக்கேன், வண்டி ‘டபுக்’னு ஏறி எறங்குது, தல மேல முட்டுது, அப்பந்தான் தெரியுது, வேகத்தடைன்னு. அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல அவியளுக்குத் தூக்கமாவது ஒண்ணாவது.

காத்தாடிக்கு ஒண்ணு, கண்டெய்னர் லாரிக்கு ஒண்ணு. "வீடு நடந்து போகுது, வாசல்ல பூட்டு தொங்குது, வீட்டுக்காரன் திண்டாடி வெளிய ஒக்காந்து போறான்." இது என்னுதுதான். நல்லா இருக்குல்லா? நீ சிரிக்க. அவியளும் இப்படித்தான் சிரிச்சாவ.

சும்மா தோத்தா வெளாட்டு சப்புன்னு இருக்குல்லா. "தோத்தா என்ன தருவீரு"ன்னு கேட்டேன்.

"எங்கிட்ட என்னட்டி இருக்கு, இந்த ரோடுதான் இருக்கு"ன்னாவ.

"அப்பம் ரோட்டுல ஒரு ஊரத் தாரும்"னேன்.

அப்படி வந்ததுதான் மதினி இந்த வென. தோத்தவிய ஒரு ஊரக் குடுத்துரணும். குடுத்த பொறவு, அந்த ஊருக்குள்ள வண்டி போகையில தோத்தவிய வாயத் தொறக்கக் கூடாது. ஊரு தொடங்குத எடத்துல பூட்டணும், ஊரு முடிஞ்சாத் தொறக்கலாம். வண்டிக்குள்ள இருக்கும்போது மட்டுந்தான். எறங்கிட்டா யாவாரம் பேசலாம், இல்லேன்னா பொழப்பு எப்படி நடக்கும்? பேசித் தொலைச்சுட்டா இன்னொரு ஊரும் போச்சு.

சாயர்புரத்த அவிய எடுத்துட்டாவ. ஏரல நான் எடுத்தேன். எப்படி எடுத்தேன்னு கேளு, அதுல ஒரு திருட்டுத்தனம் இருக்கு. ஆத்துப் பாலத்துக்கு முன்னால ரோடு ஒரு வளைவு வளையுமில்லா, அந்த எடத்துல எடது பக்கம் ஒக்காந்திருக்க எனக்கு மட்டும் பாலத்துக்கு அடியில எட்டிப் பாத்தாத் தெரியும். நான் போட்டேன், "ஊரே முங்கிக் குளிக்குது, இவன் மட்டும் கால நனைச்சுக்கிட்டு நிக்கான், முதுகுல ஒலகத்தையே சொமக்கான்." அவிய மாடுங்காவ, படித்துறைங்காவ, மருத மரம்ங்காவ. சக்கரம் ஏறிட்டு. "பாலத்துத் தூணு, நம்ம இப்பம் அது மேலதான போறோம்"னு நான் கையத் தட்டுதேன். கண்ணுல படாதத வச்சுப் போட்டது கள்ள ஆட்டம்னு சண்ட போட்டாவ. என் கண்ணுல பட்டுதுன்னு நான் சாதிச்சேன். கடைசியில "சரி, எடுத்துக்கிடு"ன்னு விட்டுட்டாவ. அந்த மனுசன் எப்பமும் அப்படித்தான், கொஞ்ச நேரம் சண்ட போட்டுட்டு விட்டுக் குடுத்துருவாவ.

ஊரத் திருப்பிக் கேக்கதுக்கும் ஒரு வழி வச்சிருந்தோம். வாய் பேசக்கூடாதுல்லா? அதனால வண்டிக்குள்ள முன் கண்ணாடிக்குக் கீழ இருக்க பலகையில ரெண்டு தட்டு. டொக், டொக். ‘போதும், என் ஊர எனக்குக் குடு’ன்னு அர்த்தம். குடுக்கதும் குடுக்காததும் ஊர வச்சிருக்கவிய இஷ்டம். நான் ஒரு தட்டு தட்டினா அவிய சாயர்புரத்தக் குடுத்துருவாவன்னு எனக்குத் தெரியும். அதனாலயே நான் தட்டமாட்டேன், வீம்பு. அவிய ஏரல்ல தெனமும் தட்டுவாவ. நான் தெனமும் முடியாதும்பேன். பாலத்துல ஏறி அவிய வாயப் பூட்டினதும் எனக்குக் கொண்டாட்டம். அவியளப் பேச வைக்கணும், இன்னொரு ஊரப் புடுங்கணும். அவிய தங்கச்சி கலியாணத்துல பாயாசத்துக்குப் பதிலா ரசத்துல அப்பளத்த நொறுக்கிச் சாப்பிட்ட கதைய எடுத்து விடுவேன். சிரிப்ப அடக்கி அடக்கி அவிய தோளு ரெண்டும் குலுங்கும். மொகம் செவந்துரும். வாயில இருந்து ஒரு சத்தம் வராது. ஏரல் முடிஞ்சு மொத வாழத்தோட்டம் வரும், அதுதான் எங்க எல்லை. அது வந்ததும் அடக்கி வச்சதெல்லாம் ஒண்ணாச் சேத்து "ஏட்டி கோட்டிக்காரி"ன்னு ஆரம்பிப்பாவ பாரு. அந்த மொத வார்த்தையக் கேக்கதுக்காகவே நான் ஏரலத் திருப்பிக் குடுக்கல.

தலைய நல்லாக் கிள்ளு மதினி, கண்ணோட சேத்துக் கிள்ளணும். ஆங், அப்படி.

எட்டு வருசம் ஆச்சு. கார்த்திகை மாசம், ரெண்டு நாள் மழ பெஞ்சு வெறிச்ச காலை. சாயர்புரத்துல எறக்கையில நல்லாத்தான் இருந்தாவ. கடக்காரரு கிட்ட டீ வாங்கிக் குடிச்சாவ. பாலத்துக்கு இங்கிட்டு வேர்க்குதுன்னாவ. மழை ஈரத்துல என்ன வேர்வைன்னு நான் முந்தானையக் குடுத்தேன், தொடச்சாவ. பாலத்துல ஏறினோம், வழக்கம்போல வாயப் பூட்டிக்கிட்டாவ.

பசார்ல ஒரு லாரி குறுக்க நிக்கி, வண்டி எறும்பு கணக்கா ஊருது. எனக்கு அன்னைக்கு ரொம்ப சந்தோசம். இவ்வளவு நேரம் கெடைக்காதுல்லா. அப்பளக் கதைய எடுத்தேன். அவிய தோளு குலுங்குது. மொகம் செவந்து கெடக்கு. நெத்தியில இருந்து வேர்வை சொட்டுது. சிரிப்ப அடக்குதாவன்னு நெனச்சு நான் இன்னும் ஏத்தி விடுதேன். கியர்ல இருந்த கைய எடுத்துப் பலகையில தட்டினாவ. டொக், டொக்.

"முடியாது"ன்னேன்.

திருப்பியும் தட்டினாவ. டொக், டொக்.

"வாயத் தொறந்து கேளும், ஸ்ரீவைகுண்டத்தையும் சேத்து எடுத்துக்கிடுதேன்"னு கையத் தட்டிச் சிரிச்சேன்.

சிரிச்சேன் மதினி. ஒரு வார்த்த, "குடுத்துட்டேன்"னு ஒரு வார்த்த சொல்லிருந்தா போதும். ஆசுவத்திரி வாசல் வழியாத்தான் போனோம். செவப்புக் கூட்டல் குறி போட்ட போர்டு, அது எனக்கே தெரியும், அதுக்கு எழுத்து வேண்டாம். அதையும் தாண்டிப் போனாவ. ஊரத் தாண்டினாவ. மொத வாழத்தோட்டம் வந்ததும் இடது கை இன்டிகேட்டர் போட்டு, வண்டிய ஓரமா ஒழுங்கா நிப்பாட்டி, கை பிரேக்கையும் இழுத்து விட்டாவ. ஒரு சக்கரம் கூட ரோட்டுல இல்ல. எம் பக்கம் திரும்பினாவ. வாயத் தொறந்தாவ. நான் அந்த "ஏட்டி கோட்டிக்காரி"க்காகப் பல்லக் காட்டிக்கிட்டு இருக்கேன். சத்தம் வரல. அப்படியே எந் தோளுல சாஞ்சிட்டாவ. தோட்டத்துல வேல செஞ்சவிய ஓடி வந்து கதவத் தொறக்க வரைக்கும் அந்த இன்டிகேட்டர் அடிச்சுக்கிட்டே கெடந்துது. டிக், டிக். டிக், டிக்.

அதே ஆசுவத்திரிக்குத்தான் திருப்பிக் கொண்டு போனாவ. டாக்டர் சின்ன வயசுக்காரரு. அவரு என்னென்னமோ சொன்னாரு, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அய்யா, அந்த நேரத்துல அவியளால பேச முடிஞ்சிருக்குமான்னு. அவரு என்னைய ஒரு மாதிரிப் பாத்துட்டு, "சிலருக்கு முடியும்மா, சிலருக்கு முடியாது"ன்னாரு. நான் திருப்பியும் கேட்டேன், இவியளால முடிஞ்சிருக்குமான்னு. அவரு நர்ஸம்மாவக் கூப்பிட்டு எனக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கச் சொன்னாரு. அவருக்கு என்ன தெரியும் பாவம், நான் எதுக்குக் கேக்கேன்னு.

அதுதான் மதினி. பேச முடியாம இருந்தாவளா, இல்ல பேசக்கூடாதுன்னு இருந்தாவளா. வெளாட்டுக்காக வாயப் பூட்டிக்கிட்டு அந்த ஆசுவத்திரியத் தாண்டிப் போனாவளா. செத்த வீட்டுல எல்லாரும் சொல்லுதாவ, நல்ல சாவு, கை புடிச்ச வண்டியிலயே போயிட்டாரு, கஷ்டப்படலன்னு. நான் தலைய ஆட்டினேன். நான் போட்ட ஆட்டத்த யாருட்ட போயி சொல்ல? எம் மவன்ட்டயும் சொல்லல. வெளாட்டு அவனுக்குத் தெரியும், சின்னதுல வண்டியில வந்திருக்கான்லா. அந்தக் கடைசி ரெண்டு தட்டு தெரியாது. அது ஒனக்குத்தான் இப்பம் சொல்லுதேன்.

பொறவு வண்டி வேப்பமரத்தடியில தார்ப்பாய் போத்திக் கெடந்துது. நான் பஸ்சுல எங்கயாவது போவேன். சிரிக்காத, சாயர்புரம் வந்துட்டுன்னா நான் இப்பமும் வாயத் தொறக்க மாட்டேன். அது அவிய ஊருல்லா? நான் தட்டவும் இல்ல, அவிய குடுக்கவும் இல்ல. ஒரு நாள் டிக்கட்டு குடுக்கவன் எங்க போகணும்னு கேக்கான், நான் கையக் காட்டுதேன். அவன் என்னைய ஊமைன்னு நெனச்சு, முன்சீட்டுல இருந்தவன எழுப்பி விட்டுட்டு எனக்கு எடம் குடுத்தான். ஊரு தாண்டினதும் நான் "நல்லாரு மக்கா"ன்னேன். அவன் பயந்தே போயிட்டான். ஆனா ஏரலுக்கு மட்டும் நான் போகவே இல்ல. கொழுந்தன் மவ காதுகுத்துக்குக் கூட காய்ச்சல்னு சொல்லிட்டேன். அந்தப் பாலத்துல ஏறினா எம் பக்கத்துல ஒருத்தரு வாயப் பூட்டிக்கிட்டு ஒக்காந்துருவாவன்னு ஒரு நெனப்பு.

இப்பம் மருமவ கத. மவன் துபாய்க்குப் போன பொறவு அவ சும்மா இருக்கல. எந்திச்சா, குளிச்சா, துறைமுக ரோட்டுல போயி டிரைவிங் படிச்சா. தார்ப்பாய உருவிப் போட்டா. எலி கூடு கட்டியிருந்துது எஞ்சினுக்குள்ள, அத அவளே கையால எடுத்துப் போட்டா. எனக்குக் குளுந்து போச்சு மனசு. நம்ம காலத்துல சைக்கிள்ல பின்னால ஒக்காந்தாலே நாலு பேரு பாப்பான். இவ சுடிதாரு போட்டு, முடிய வாரிக் கட்டி, குட்டியானைய ரிவர்ஸ் எடுக்கா பாரு, கண்ணாடியப் பாத்துக்கிட்டே, ஒரு கை ஸ்டீரிங்ல. அன்னைக்கு நான் தெரு முக்குல நின்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன், நீயுந்தான வந்து பாத்த.

"அத்த, நீங்க பக்கத்துல வாங்க, கடக்காரங்கள ஒங்களுக்குத்தான் தெரியும்"னா. ஏரலுக்கும் போகணும்னா. நான் முடியாதுன்னு எப்படிச் சொல்ல? பழைய கடையெல்லாம் அங்கனதான இருக்கு.

போன வாரம் பொறப்பட்டோம். பாட்டுப்பெட்டி இன்னும் ஊமைதான். உப்பளத்து ரோட்டுல அவளுக்கும் கண்ணு சொக்குச்சு. கிள்ள மனசு வரல, அடுத்த வீட்டுப் பிள்ள. சரின்னு அழிப்பாங்கதைய எடுத்தேன். ஊரக் குடுக்கதப் பத்தி மூச்சு விடல பாத்துக்க. கதையும் பதிலும் மட்டும். சும்மா சொல்லக்கூடாது, அவ கெட்டிக்காரி. அனல் மின் நிலையத்துப் பொகைக்குழாயக் காட்டி, "ஒலக அடுப்பு, நாள் பூரா பொகையுது, ஒரு படி சோறு பொங்கினதில்ல"ன்னு போட்டா. நான் கையத் தட்டிட்டேன். சாயர்புரம் வந்துது, நான் வாயப் பூட்டிக்கிட்டேன். அவ ஓரக்கண்ணால பாத்துச் சிரிச்சா. எதுக்குச் சிரிக்கான்னு அப்பம் எனக்குத் தெரியல.

சாயர்புரம் தாண்டி நான் ஒண்ணு போட்டேன். "ஒத்தக் காலுல நிப்பான், தல முடிய விரிச்சுப் போட்டிருப்பான், எத்தன வருசமானாலும் நின்ன வரிசைய விட்டு நகரமாட்டான்." பனைதான, சின்னப் பிள்ள சொல்லிரும். "தெரியல அத்த"ங்கா அவ. "யோசிக்கேன் அத்த"ங்கா. பனங்காட்டுக்குள்ள பொறந்து வளந்தவளுக்குப் பன தெரியாதா? வேணும்னே தோத்திருக்கா. அப்பம் எனக்கு ஓடல. ஆத்துப் பாலம் வந்துது. முன்சக்கரம் ஏறுச்சு. அவ என்னையப் பாத்து ஒரு வெரல ஒதட்டுல வச்சா. வாயப் பூட்டிக்கிட்டா.

எம் மவன் சொல்லிக் குடுத்திருக்கான் மதினி. முந்தின நாளு வீடியோவுல பேசையில, ஒங்கம்மா கூட ஏரல் போறேன்னு இவ சொல்லிருக்கா. எங்கம்மாவும் அப்பாவும் இப்படி ஒரு வெளாட்டு வெளாடுவாவ, ஏரல்ல நீ வாயத் தொறக்காத, பாரு எப்படிச் சந்தோசப்படுவான்னு அவன் சொல்லிருக்கான். நல்ல நெனப்புலதான் சொல்லிருக்கான்.

"என்ன மக்கா, பேசு"ன்னேன். தலைய ஆட்டுதா. பேச வச்சு இன்னொரு ஊரப் புடுங்கப் பாக்கேன்னு நெனச்சுட்டா. பசாருக்குள்ள வந்துட்டோம், வண்டி ஊருது. "வெளாட்டு வேண்டாம், பேசு, ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே, பேசு"ன்னு தோளப் புடிச்சேன். அவ சிரிப்ப அடக்குதா, தோளு குலுங்குது. அந்தத் தோளு குலுங்கினதும் என் கண்ணுக்கு அவ தெரியல மதினி. அந்த வேர்வையும் அந்தச் செவந்த மொகமுந்தான் தெரியுது. இதத்தான் பாத்திரக்கட வாசல்ல நின்னவ பாத்திருக்கா. அந்தால மருமவ கைய நீட்டிப் பலகையில தட்டினா. டொக், டொக். அதையும் அவன் சொல்லிக் குடுத்திருக்கான்.

"குடுத்துட்டேன்"னு கத்தினேன். "குடுத்துட்டேன், குடுத்துட்டேன், ஏரலக் குடுத்துட்டேன், பேசு."

அப்பந்தான் அவ என் மொகத்தப் பாத்தா. பயந்துட்டா. ஆனாலும் வாயத் தொறக்கல, கண்ணு கலங்கிட்டு, வண்டியப் பைய ஓட்டி ஊரத் தாண்டிக் கொண்டு போயி நிப்பாட்டினா. எங்க நிப்பாட்டினா? அதே வாழத்தோட்டம். அவளுக்கு எப்படித் தெரியும் அது? எல்லை அதுன்னு மவன் சொல்லிருப்பான், வேற எப்படி. இடது கை இன்டிகேட்டர் அடிச்சுக்கிட்டு நிக்கி.

"நான் என்ன தப்பு பண்ணேன் அத்த"ன்னா.

"நீ ஒண்ணும் பண்ணல மக்கா. அந்தச் சத்தத்த மொதல்ல அமத்து"ன்னேன். இன்டிகேட்டர அமத்தினா.

"மாமா எத்தன தடவ தட்டினாலும் குடுக்கவே மாட்டீங்களாமே. எனக்கு மட்டும் ஒடனே குடுத்துட்டீங்க"ன்னா, கண்ணத் தொடச்சுக்கிட்டே.

அவ பாராட்டாத்தான் சொல்லுதா. மாமாவ விட என்னைய ஒங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லுத மாதிரி. நான் அவ தலையத் தடவி விட்டேன். எறங்கி ரெண்டு வாய் தண்ணி குடிச்சோம். அங்கன வாழ எல்லாம் புதுசு, அன்னைக்கு இருந்தது ஒண்ணும் இல்ல, எட்டு வருசத்துல எத்தன தார் வெட்டிருப்பானுவ. வரப்பு மட்டும் அதே வரப்பு.

ஏரல்ல எறங்க மனசு இல்லாம, அந்தச் சரக்கையும் சேத்து ஸ்ரீவைகுண்டத்துலயே எறக்கிட்டு வெயிலோட திரும்பினோம். திருப்பியும் ஏரல் வருது. எனக்கு ஒரு யோசன. நான் மருமவளுக்குக் குடுத்துட்டேன். கேட்டது அவளா? எட்டு வருசத்துக்கு முன்னால கேட்டவிய கை இன்னும் அந்தப் பலகை மேலதான இருக்கு. அதனால பசார் தொடங்கினதும், மருமவளுக்குக் கேக்காம முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சொன்னேன். "ஏரல் ஒம்முதுதான். நான் கள்ள ஆட்டம் ஆடி எடுத்தது. திருப்பித் தந்துட்டேன். பேசும்." பேசும்னு சொல்லிட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன், பைத்தியக்காரி கணக்கா. ஆசுவத்திரி போச்சு. லாரி நின்ன எடம் போச்சு. பாத்திரக்கட போச்சு. மருமவளும் பேசல, நானும் பேசல, ரெண்டு பேரும் இப்பம் பேசலாம், ஆனா பேசல. பாலத்துல ஏறினோம். மனசு பஞ்சு கணக்கா ஆயிட்டு, குடுத்தாச்சுன்னு. ஆத்துல தண்ணி நல்லா போகுது, வெயிலு பட்டு மின்னுது, நான் தூண எட்டிப் பாத்தேன், அப்பமும் கால நனைச்சுக்கிட்டு நிக்கான்.

பாலத்துக்கு நடுவுல கேட்டுது. டொக், டொக்.

மருமவ ரெண்டு கையும் ஸ்டீரிங்லதான் இருக்கு. என் கை ரெண்டும் மடியில. அவ திரும்பிப் பாத்தா.

"தட்டினீங்களா அத்த?"

பின்னால பெட்டி உருண்டிருக்கும்னேன். வண்டி காலி மதினி. எல்லாப் பெட்டியும் ஸ்ரீவைகுண்டத்துக் கடையில எறக்கியாச்சு. அவளுக்கும் அது தெரியும். வீடு வந்து சேருத வரைக்கும் அவ வெளாட்டே போடல.

நீ பயப்படாத. நான் பயப்படல. அவிய தட்டுதாவன்னா எனக்கு என்ன பயம், எம் பக்கத்துல ஒக்காந்து வந்த மனுசன்தான. சொல்லப் போனா சந்தோசந்தான், எட்டு வருசம் கழிச்சு ஒரு சத்தம் கேட்டுதேன்னு. என்னைய அரிக்கது வேற. ஒரு வாரமா நெத்திலி கிள்ளையில, சோறு வடிக்கையில, அதேதான். ஊரக் குடுத்துட்டேன்லா? காது குளுரக் குடுத்துட்டேன்லா? பொறவு எதுக்குத் தட்டணும்? குடுத்த பொறவும் தட்டுதாவன்னா, அவிய கேக்கது ஊரு இல்ல. அப்பம் அன்னைக்கும் ஊரக் கேக்கல. ரெண்டு தட்டுன்னா ஊருதான்னு நான்தான எடுத்துக்கிட்டேன். அவிய வேற என்னத்தையோ கேட்டிருக்காவ மதினி, நான் முடியாதுன்னு சொன்னது எதுக்குன்னு எனக்கே...

இரு. கேட்டியா? கேட்டுதா ஒனக்கு, ரெண்டு தடவ? கொழாய்தான், கொழாய்தான். தண்ணிக்கு முன்னால காத்து வந்து முட்டும்லா, அந்தச் சத்தம். அந்த நீலக் கொடத்த எடுத்துத் தா. சொளவ காக்கா எட்டாத எடத்துல வையி, நான் போயி கொழாயத் தொறந்து விட்டுட்டு வாரேன்.